பாபேலுக்கு முன்பே பல மொழிகள்

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மூன்றாம் நாள் செடிகொடிகள் முளைக்கின்றன. ஆறாம் நாள் விலங்குகளும், அவற்றுக்குப் பின் ஆணும் பெண்ணுமாக மனிதரும் படைக்கப்படுகின்றனர். அடுத்த அதிகாரத்திலோ பயிர் முளைக்கும் முன்பே மண்ணிலிருந்து மனிதன் உருவாகிறான். பிறகு தோட்டம், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். இந்த முரணைக் காட்டி நூலையே தள்ளுவோர் உண்டு. இரண்டையும் ஒரே நாட்குறிப்பாக ஒட்டவைக்கப் பாடுபடுவோரும் உண்டு. கதை வரிசையைக் கால வரிசையாகவே இரு தரப்பும் எடுத்துக்கொள்கின்றன என்பது நம் வருத்தம்.

1753இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்த்ருக், கடவுளின் பெயர் இடத்துக்கிடம் மாறுவதைக் கொண்டு, இந்நூலுக்குள் வெவ்வேறு மூலங்கள் இருப்பதாக வாதிட்டார். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் வெல்ஹவுசன் அந்த ஆய்வுக்கு வலுவான வடிவம் தந்தார். மூலங்களைப் பிரித்தறிந்தது பெரும்பணி. அவற்றை இந்த வரிசையில் கோத்தவர் என்ன சொல்ல வந்தார் என்ற கேள்வி அதற்குப் பிறகும் மிஞ்சுகிறது.

முதல் அதிகாரம் ஏழு முறை ‘நல்லது’ என்கிறது. அதைக் கேட்டுவிட்டு இரண்டாம் அதிகாரத்துக்கு வருபவர், மனிதன் தனிமையாயிருப்பது ‘நல்லதல்ல’ என்ற முதல் மறுப்பில் திடுக்கிடுகிறார். இரு கதைகளும் இடம் மாறியிருந்தால் இந்த அதிர்ச்சி இல்லை.

கதை வரிசை கால வரிசை அல்ல என்பது வயதுக் கணக்கிலும் தெரிகிறது. ஆபிராமின் தந்தை தேராகு. அவருக்கு 70 வயதில் ஆபிராம் பிறந்ததாகக் கொண்டால், மகன் 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்படும்போது தந்தைக்கு 145. எபிரேய மூலத்தில் அவர் 205 வயதுவரை வாழ்கிறார். ஆனால் மகனின் பயணத்துக்கு முன்பே அவர் மரணம் சொல்லப்பட்டுவிடுகிறது. சமாரியரின் ஏடு மரண வயதையே 145 ஆகத் தந்து கணக்கை நேராக்குகிறது. எபிரேயக் கதைசொல்லிக்கு அந்தக் கவலை இல்லை. தந்தையின் கதையை முடித்துவிட்டு மகன் கதையைத் தொடங்குகிறார். வேதத்தில் முன்பின் இல்லை என்று யூத ரபிகள் விதியே வகுத்தார்கள்.

நமக்கு மிக முக்கியமாகப் படுவது, மொழிகள் பிரிந்ததைச் சொல்லும் பாபேல் கோபுரக் கதை. பத்தாம் அதிகாரத்தில் நோவாவின் வழித்தோன்றல்கள் தத்தம் நாட்டிலும் மொழியிலும் பரவி நிற்கிறார்கள். உலகெங்கும் ஒரே மொழி என்று அதற்கடுத்த அதிகாரம் தொடங்குகிறது. பாபேல் முன்னால் வந்திருந்தால் மொழிகளின் பெருக்கம் தண்டனையாக மட்டுமே தெரிந்திருக்கும். இப்போதோ, பூமியை நிரப்புங்கள் என்று நோவாவின் பிள்ளைகள் பெற்ற ஆசியின் விளைச்சலாக அது முதலில் கண்ணில் படுகிறது. ஒரே நகரம், ஒரே கோபுரம் என்று ஓரிடத்தில் குவிந்து, சிதற மறுக்கும் ஆசை அதன்பின் வந்து கலைகிறது. பல மொழி பேசும் உலகைச் சாபமாகக் காண்போருக்கு இந்த வரிசையே மறுமொழி.

இன்றுள்ள அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. முதல் படைப்புக் கதை உண்மையில் முடிவது இரண்டாம் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தையொட்டித்தான். வாசகர்கள் அந்தப் பிரிவுகளை ஒதுக்கிவிட்டு, முதல் பதினொரு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டுகிறோம். எது முதலில் நடந்தது என்ற வழக்கைச் சற்று நிறுத்திவைத்து, எதை ஏன் முதலில் சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பழைய நூலுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.