இடம் காட்டும் கரம்



"சுவாமி, கோவிலில் எனக்கென்ன வேலை இருக்கிறது? படித்தவர்கள்தாம் எல்லாம் செய்கிறார்களே!" இராஜாக்கமங்கலம் கடற்கரையில் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த சகோதரர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் இவ்வாறு கேட்டார். அவருடைய ஏக்கத்தைத் தீர்க்க எண்ணி, மறு ஞாயிறே அவரைத் திருப்பலியில் வாசகம் வாசிக்கச் சொன்னோம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் அவர் என்பதைக் கேட்டறியத் தவறினோம். சபையின் முன் அவர் தடுமாறினார்; சிலர் சிரித்தனர். பின்னர்ப் பல வாரங்கள் அவர் கோவில் படி ஏறவில்லை. குற்றம் அவருடையதன்று, நம்முடையது.

அவரை நமக்கு மீட்டுத் தந்தவர் முதிய உபதேசியார் ஒருவர். "சுவாமி, அந்தத் தெருவில் யார் நோயில் விழுந்தாலும் இரவு முழுவதும் உடனிருப்பவர் அவரே. அதை நீங்கள் கவனிக்கவில்லையே!" என்றார். நாம் அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அதன்பின் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போதெல்லாம் அவரையும் உடன் அழைத்தோம். எந்த வீட்டில் என்ன துயரம் என்பதை அவரே நமக்குக் கற்பித்தார்.

பிறருக்கு இறைப்பணியில் இடம் காட்டுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1544ஆம் ஆண்டின் இறுதியில் இக்கடற்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்களித்த புனித சவேரியார், எந்த ஊரிலும் நெடுங்காலம் தங்க இயலாதவராயிருந்தார். ஆகவே, ஊர்தோறும் மறையுண்மைகளை எழுதிக் கொடுத்து, அவற்றைக் கற்பிக்க உள்ளூர் மக்களையே ஏற்படுத்தினார். அவர் கடல் கடந்து சென்ற பின்னும் விசுவாசம் நிலைத்தது.

இன்னொரு சான்றும் உண்டு. 1741ஆம் ஆண்டு குளச்சல் போருக்குப்பின் மார்த்தாண்ட வர்ம மன்னரிடம் சிறைப்பட்டு, பின் அவர் படையிலேயே பணியாற்றியவர் டிலனாய். அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை மனம் உடைந்திருந்த வேளையில், டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். அவர் திருமுழுக்கை விரும்பியபோது, வடக்கன்குளத்திலிருந்த பூத்தாரி சுவாமியிடம் அனுப்பி வைத்தார். நண்பனைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்! 1745ஆம் ஆண்டு தேவசகாயம் என்னும் பெயர் பெற்ற அவர், குருவாகவோ துறவியாகவோ ஆகவில்லை. இல்லறத்தாராகவே, சாதி பாராது அனைவரோடும் பழகி, 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்தார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அந்தப் புனிதரின் பாதையில் முதல் விளக்கை ஏற்றியவர் ஒரு போர்வீரர் என்பதை மறவாதிருப்போம்.

அன்பர்களே, நம் பங்குகளில் நடப்பதென்ன? திருவிழா என்றாலும், மறைக்கல்வி என்றாலும், அதே நான்கைந்து பேர். களைத்துப் போனாலும் அவர்கள் பொறுப்பைக் கைவிடுவதில்லை. மற்றவர்களை யாரும் அழைப்பதுமில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டு மறைக்கல்வி ஆசிரியர் பணியையும் திருச்சபையின் நிலையான பணியாக ஏற்படுத்தினார். உரோமையில் திறந்த கதவை நம் ஊரில் நாம் சாத்தி வைக்கலாமா?

ஒருவருக்குப் பணி கொடுக்குமுன் அவரை அறிந்துகொள்ளுங்கள். கேட்காமலே அவர் செய்துவரும் நன்மை எதுவென்று பாருங்கள். ஆண்டவர் தந்த கொடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தொடக்கத்தில் அவருடன் செல்லுங்கள். அவர் தேறியபின் விலகி நில்லுங்கள். பர்னபா தர்சு நகர் வரை சென்று சவுலைத் தேடி அழைத்து வந்தார். பின்னர்ச் சவுலின் பெயரே ஓங்கியது. பர்னபா அதற்காக வருந்தியதாக வேதம் கூறவில்லை.

இந்த மாதம் ஒவ்வொரு குடும்பமும், இதுவரை எவரும் அழைக்காத ஒருவரை நினைவுகூர்ந்து, அவர் வீட்டிற்குச் சென்று வருமாறு வேண்டுகிறோம். ஆண்டவர் உங்கள் கால்களை வழிநடத்துவாராக!