கை ஓய்ந்தால் மூச்சும் ஓயவேண்டுமா?

விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மரம் சீவிய கை அது. பட்டை கெடாமல், ஆழம் தவறாமல் கத்தியை இழுத்த கை. நிறைந்த பால் வாளிகளைச் சுமந்த கை. முப்பது நாற்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த அந்தக் கையில் இன்று விரல் முட்டுகள் வீங்கிக் கிடக்கின்றன. கட்டைவிரலின் அடி குடைகிறது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க மறுக்கின்றன. சட்டைப் பொத்தானைப் போடவும் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மூட்டுவாதத்தோடு இழுப்பு நோயும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்? மருத்துவர் 'இன்ஹேலர்' தருகிறார். நம்மவர் அதைப் 'பம்பு' என்பார்கள். நாளைக்கு இத்தனை தடவை என்று சீட்டில் எழுதியிருக்கிறது. ஆனால், "இந்தக் குப்பியை உங்கள் கையால் அமுக்க முடிகிறதா, பெரியவரே? எங்கே, அமுக்கிக் காட்டுங்கள்" என்று கேட்பவர் அரிது. பெரியவரும் வாய் திறப்பதில்லை. இதைப் போய்ச் சொல்வதா என்று கூச்சம். அடுத்த முறை போகும்போது, மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்ற ஏச்சு விழுகிறது. முடியாதவரைச் செய்யாதவர் என்று ஏசுவது நியாயமா?

பம்பின் வேலை எளிதுபோலத் தோன்றும். குலுக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே குப்பியை அமுக்க வேண்டும், பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அமுக்குவது சற்றுப் பிந்தினாலும் மருந்து நெஞ்சுக்குள் போகாமல் நாக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். பாதி அமுக்கினால் மருந்தே சரியாக வெளிவராது. ஆகவே கையின் குறை மூச்சின் குறையாகிவிடுகிறது.

இது சிறு விஷயம் என்று ஒதுக்குவோர் 2013 ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்கட்டும். நம் ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் புகைமூட்டக் காற்றின் குறியீடு 700-ஐத் தாண்டியது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. திடமானவரே இருமித் தவித்த நாட்கள் அவை. அத்தகைய நாளில் கையில் மருந்து இருந்தும் அதை அமுக்க விரலில் பலம் இல்லையென்றால், அந்த மருந்து இருந்தென்ன, இல்லாமற் போனால் என்ன?

இந்தப் பம்பு பிறந்த கதையையும் நம்மவர் அறிய வேண்டும். 1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசன் என்பாரின் மகள் ஆஸ்த்துமாவால் அவதிப்பட்டாள். கையால் பிசைந்து பிசைந்து மருந்தை ஏற்றும் பழைய கருவி அவளுக்குத் தொல்லையாக இருந்தது. தலைமுடிக்குத் தெளிக்கும் குப்பியைப்போல் இதையும் செய்யக்கூடாதா என்று தந்தையைக் கேட்டாள். மறு ஆண்டே, 1956-ல், முதல் பம்பு விற்பனைக்கு வந்தது. நோயாளி வாய் திறந்து கேட்டதால் பிறந்த கருவி இது. பதின்மூன்று வயதுப் பெண் கேட்டாள். அறுபது வயதில் நாம் கேட்கக் கூசுவதேன்?

கேட்டால் வழி உண்டு. ஒரு கையால் முடியாதவர் இரு கட்டைவிரல்களையும் அடியில் கொடுத்து, இரு கைகளின் சுட்டுவிரல்களையும் மேலே வைத்துச் சேர்த்து அமுக்கலாம். சிலவகைப் பம்புகளின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் பிடியும் உண்டு. அதை உள்ளங்கை முழுவதாலும் இறுக்கினால் போதும். 'ஸ்பேசர்' என்னும் குழாயைப் பம்போடு பொருத்தினால், பக்கத்தில் இருக்கும் மகனோ மருமகளோ பேத்தியோ அமுக்க, பெரியவர் நிதானமாக மூச்சிழுக்கலாம். ஒரு முறைக்கு ஒரே ஓர் அமுக்குதான். மூச்சிழுத்தாலே மருந்தை விடும் பம்பும், அமுக்கவே வேண்டாத தூள் மருந்துக் கருவியும் உண்டு. ஆனால் தூள் மருந்தைப் பலமாக உறிஞ்ச வேண்டும். சிலவற்றைத் திருகவும் வேண்டும். அதுவும் சிலர் கைக்கு ஆகாது. ஆகவே, அடுத்த வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்று நாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. மருத்துவரும் மருந்தாளரும் கையையும் மூச்சையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வழக்கமான மருந்துக்கு இழுப்பு அடங்காமல் பேசவும் முடியாமற் போனால், விடியட்டும் என்று காத்திராமல் 999-ஐ அழையுங்கள்.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. ரப்பர் சீவியவர் பலர் லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் அவர்கள் நம்மவர்களே. எனவே நாம் மூன்று செய்திகளை வற்புறுத்துகிறோம். மருந்து கொடுக்கும் இடத்தில், பம்பை நீட்டுமுன் நோயாளியை அமுக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் தங்கள் மருந்தகங்களில் ஸ்பேசர் குழாய்களை இருப்பு வைக்க வேண்டும். கிராணிமாரும் கிளைச் செயலாளர்களும் தம் லயத்து முதியோரின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதோடு நில்லாமல், அவர்கள் மருந்தை எடுக்கும் முறையையும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்.

பெரியோர்களே! அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது பம்பையும் கூடவே கொண்டு போங்கள். "ஐயா, என் கையால் இது முடியவில்லை" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். உழைத்துத் தேய்ந்த கையில் வெட்கப்பட ஏதுமில்லை.