எடிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்

தமிழ்ப் புத்தகங்களின் உரிமைப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அட்டை வடிவமைத்தவரின் பெயர் இருக்கும். பிரதியைச் செம்மையாக்கியவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களை 1867-ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்கியது. எடிட்டரின் பெயரைப் புத்தகத்தில் அச்சிடும்படி அந்தச் சட்டம் கேட்கவில்லை. நம் பதிப்புலகமும் கேட்டுப் பழகவில்லை.

தனித்து இயங்கும் எடிட்டர்கள் தங்களைப் பற்றிச் சொல்லக் கூசுவதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தற்பெருமை பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால், செய்த வேலையிலும் பெயர் இல்லை, வாய்திறந்தும் சொல்வதில்லை என்றால் வேலை கொடுக்க நினைப்பவருக்கு ஆள் இருப்பது எப்படித் தெரியும்? என்ன செய்வேன், எவ்வளவு வாங்குவேன், எத்தனை நாளில் தருவேன் என்று சொல்வது பெருமை பேசுவதாகாது. பணம் கொடுப்பவருக்குச் சேர வேண்டிய தகவல் அது.

1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், எடிட்டிங் என்பதைத் தமிழ்ப் பதிப்பின் பேசுபொருளாக்கியவர். அவர் எடிட்டராக அறியப்பட்டதற்கு அவரே பதிப்பாளராக இருந்ததும் ஒரு காரணம். வெளியிலிருந்து வேலை செய்பவருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, கட்டணத்தோடு சேர்த்து, உரிமைப் பக்கத்தில் ஒரு வரியையும் கேட்டு வாங்க வேண்டும். பதிப்பாளருக்கு இதில் காலணா செலவில்லை. எடிட்டருக்கோ அதைவிட நம்பகமான விளம்பரம் வேறில்லை.

வேலை கொடுப்பவரும் மாறிவிட்டார். 2016 டிசம்பரில் கிண்டில் தமிழுக்கு இடம் கொடுத்தது. ஐம்பது பிரதி, நூறு பிரதி என்று அச்சிட்டுக்கொள்ளும் வசதியும் பரவியது. எழுதியவரே பதிப்பாளராகி, எடிட்டரை நேரடியாகத் தேடி வருகிறார். 'புரூஃப் பார்க்க எவ்வளவு?' என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அவருக்குத் தேவை புரூஃப் மட்டும்தானா என்பது அவருக்கே தெரியாது.

'வீட்டிற்க்கு' என்பதை 'வீட்டிற்கு' ஆக்குவதும், 'எடுத்து பார்த்தார்' என்பதில் ப் சேர்ப்பதும் புரூஃப், அதாவது மெய்ப்புத் திருத்தம். எழுத்துப் பிழைக்கு வாணி, சந்திப் பிழைக்கு நாவி என்று மென்பொருள்களே இந்த வேலையில் பெருமளவு கைகொடுக்கின்றன. ஆனால் ஒரு நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் பெரியம்மாவாக இருந்தவர் பதினொன்றாம் அத்தியாயத்தில் சித்தியாகிவிடுகிறார். 1989-இல் நடக்கும் காட்சியில் கதாநாயகனின் செல்போன் ஒலிக்கிறது. செல்பேசிச் சேவை இந்தியாவுக்கு வந்ததே 1995-இல்தான். இவற்றைப் பிடிப்பதும், நாற்பது பக்கம் இழுக்கும் கல்யாணக் காட்சியைப் பன்னிரண்டில் முடிக்கலாம் என்று எழுதியவர் மனம் நோகாமல் சொல்வதும் எடிட்டரின் வேலை. இந்த வித்தியாசத்தை இரண்டு பக்கத்தில் திருத்திக் காட்டினாலே போதும். 'இருபது ஆண்டு அனுபவம்' என்ற வாசகத்தை விட அது அதிகம் பேசும்.

அப்படிக் காட்டுவதில் ஓர் எல்லை உண்டு, அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒருவர் நம்பிக் கொடுத்த பிரதியின் பிழைகளை இன்னொருவரிடம் மாதிரியாகக் காட்டுவது துரோகம். பெயரை மறைத்துவிட்டேன் என்பது சமாதானம் ஆகாது. நாவலைப் படித்தவர் கண்டுபிடித்துவிடுவார். எழுதியவரிடம் சம்மதம் வாங்கி ஒரு பக்கத்தைக் காட்டலாம். இல்லையென்றால் வந்திருப்பவரின் பிரதியிலேயே இரண்டு பக்கத்தை இலவசமாகத் திருத்திக் கொடுக்கலாம். இரண்டு பக்கம்தான். 'ஓர் அத்தியாயம் பார்த்துக் கொடுங்கள், பிடித்தால் தொடரலாம்' என்பவருக்குக் கட்டணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கட்டணத்தையும் தெளிவாக வைக்க வேண்டும். 'பக்கத்துக்கு இவ்வளவு' என்றால் எந்தப் பக்கம்? ஏ4 தாளில் பன்னிரண்டு புள்ளி எழுத்தில் நெருக்கி அடித்த பக்கமும் டெமி அளவுப் புத்தகப் பக்கமும் ஒன்றாகுமா? சொல் கணக்குதான் நியாயம். ஆனால் ஆங்கில எடிட்டர்கள் வாங்கும் சொல் கட்டணத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்கு நட்டம். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நம் கணக்கில் ஒரே சொல். பணம் வரும் நாளையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் சிறுதொழிலாகப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பதிவு செய்தவருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சட்டம்.

இதையெல்லாம் எப்போது போய்ச் சொல்வது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால் அக்டோபரிலிருந்தே பதிப்பாளருக்குத் தலைக்கு மேல் வேலை. அந்த நேரத்தில் புதியவர் ஒருவரை நம்பிப் பிரதியைக் கொடுக்க மாட்டார், கொடுத்தாலும் நான்கு நாளில் கேட்பார். பிப்ரவரிக்குப் பிறகு அவருக்குப் பேச நேரம் இருக்கும். ஆகஸ்டில் ஈரோட்டில் நடப்பது போன்ற மாவட்டக் காட்சிகளில் சிறு பதிப்பகங்களின் உரிமையாளர்களே கடையில் உட்கார்ந்திருப்பார்கள். மாலைக் கூட்டம் சேரும் முன், மதிய வேளையில், அவர்கள் போட்ட புத்தகம் ஒன்றை உண்மையிலேயே படித்துவிட்டுப் போய்ப் பேசலாம்.