சிலந்தி மாளிகை

திகில் படம் என்றதும் நம்மில் பலர் கோரமான முகங்களையும் திடீர் அலறலையும்தான் எதிர்பார்க்கிறோம். ஒரு சிறுமியின் தவிப்பைக் கொண்டே நெஞ்சைப் படபடக்க வைத்த படம் ஒன்று உண்டு. அது 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘மக்டி’ என்னும் இந்தித் திரைப்படம். விஷால் பரத்வாஜ் இயக்கிய முதல் படமும் அதுவே. ‘மக்டி’ என்றால் சிலந்தி.

வட இந்தியச் சிற்றூர் ஒன்றில் பாழடைந்த மாளிகை. உள்ளே நுழைந்தவர்களைச் சூனியக்காரி விலங்காக மாற்றிவிடுவாள் என ஊரே நம்புகிறது. அவ்வூரில் சுன்னி, முன்னி என இரட்டைச் சகோதரிகள். முன்னி சாது, சுன்னியோ தன் நண்பன் முகலே ஆசமுடன் சேர்ந்து ஊரையே ஆட்டிவைக்கும் குறும்புக்காரி. அவளது குறும்பால் ஒருநாள் முன்னி அம்மாளிகைக்குள் போக நேர்கிறது. தேடிச் செல்லும் சுன்னியிடம், சூனியக்காரி ஒரு கோழியைக் காட்டி, இதுதான் உன் சகோதரி என்கிறாள். 100 கோழிகள் கொண்டுவந்தால் முன்னியைத் திருப்பித் தருவாளாம்!

அதன்பின் அச்சிறுமி படும் பாடுதான் படத்தின் உயிர். வீட்டில் ஒருமுறை சுன்னியாகவும் மறுமுறை முன்னியாகவும் நடிக்கிறாள், கோழிகளுக்காக அலைகிறாள். நேற்றுவரை பொய் சொல்லி ஊரை ஏமாற்றியவள் இன்று மெய்யைச் சொன்னால் யார் நம்புவார்? அவளுக்குத் துணை நிற்பவன் முகலே ஆசம்தான். இருவேடங்களிலும் நடித்த சுவேதா பாசு பிரசாத்துக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. சூனியக்காரியாக வரும் சபானா ஆஸ்மியின் ஒப்பனைதான் சற்று மிகை. எனக்கு அச்சத்தைவிடச் சிரிப்பே வந்தது.

முடிவைச் சொல்லாமல் என் கருத்தை விளக்க இயலாது. படம் பார்க்க விரும்புவோர் பொறுத்தருள்க. அங்கே சூனியம் என ஒன்றுமே இல்லை. மாளிகையின் அடியில் புதையல் தேடும் ஏமாற்றுக்காரி ஒருத்தி, ஊராரின் அச்சத்தையே தனக்கு வேலியாக்கிக் கொண்டிருந்தாள். பத்துப் பேர் ஒன்றுசேர்ந்து உள்ளே போயிருந்தால் அவளது நாடகம் என்றோ முடிந்திருக்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. படத்தில் சூனியக்காரி எனப்பட்டவள் உண்மையிலேயே குற்றவாளி. நாட்டு நடப்போ வேறு. இந்தியாவில் ஜார்கண்ட், பீகார், அசாம் முதலிய மாநிலங்களில் சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்டு அடிபட்ட பெண்களும் உயிரிழந்த பெண்களும் உளர். அவர்களுள் பலர் ஆதரவற்ற கைம்பெண்கள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் மாடு இறந்தாலும் பழி அவர்கள்மீதே விழுகிறது. சில வேளைகளில், அப்பெண்ணின் நிலத்தின்மீது உறவினர் கொண்ட ஆசையே அப்பழிக்குக் காரணமாகிறது. இக்கொடுமையைத் தடுக்கப் பீகார் மாநிலம் 1999இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆக, அங்கே புதையல் தேடுபவர் பழி சுமத்துபவரே.

சிறுவர் படம் ஒன்றில் இத்தனையையும் அடக்க முடியாது என்பது உண்மைதான். எனினும், வீண்பழி சுமந்த பெண் ஒருத்தியையும் சுன்னி சந்திப்பதாக ஒரு காட்சி இருந்திருந்தால், அப்படம் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.