சார்ஜரின் முதுகில் உள்ள எழுத்துகள்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா செல்பேசியைச் சார்ஜரில் செருகியபடியே தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் சட்டென்று கையை உதறினார். "இது அப்பப்ப சுள்ளுனு இழுக்குதுப்பா" என்றார். கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

அந்தச் சார்ஜரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். பேருந்து புறப்பட ஐந்து நிமிடம் இருக்கையில், நிலையத்துக் கடையொன்றில் 120 ரூபாய்க்கு வாங்கியது. "ஒரிஜினல்தான் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். வகுப்பில் 'மின்னேற்றி' என்று எழுதச் சொல்லும் நான், கடையில் 'சார்ஜர்' என்றுதான் கேட்டேன். அது பிழையன்று. அதன் பின்புறத்தைத் திருப்பிப் படிக்கவில்லை என்பதே பிழை. ஒரு வேற்றுமையுருபின் பொருளுக்காக அரைமணி நேரம் வாதிடுபவன், தாயின் கைக்குப் போகும் பொருளில் எழுதியிருந்த நான்கு வரிகளைப் படிக்கவில்லை.

சார்ஜர் செய்யும் வேலை எளியதன்று. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை அது பெரும்பாலும் 5 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. உள்ளே சுவர்ப்பக்கத்து மின்சாரமும் கைப்பக்கத்து மின்சாரமும் ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளியும் காப்பும் இருக்கவேண்டும். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது இங்கேதான். வெளிக்கூடு மட்டும் நல்ல சார்ஜரைப் போலவே இருக்கும். உலோக உடல் கொண்ட கருவிகளில் தரமான சார்ஜரிலும் மெல்லிய கூச்சம் தெரிவதுண்டு. சுள்ளென்று இழுப்பது அவ்வகையன்று. அத்தகைய சார்ஜரை அன்றே கழற்றிவிட வேண்டும்.

நோக்கியா செல்பேசிகளின் காலத்தில் பெரிய பின், சின்ன பின் என்று வீட்டில் ஒரு சண்டையே நடக்கும். ஒரு நிறுவனத்தின் சார்ஜர் இன்னொன்றில் நுழையாது. அது பெருந்தொல்லைதான். ஆனால் பெட்டியைப் பிரித்தால் அதற்குரிய சார்ஜர் உள்ளே இருந்தது. 2020 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி ஐபோன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே சாம்சங் தன் உயர்விலைச் செல்பேசிகளில் அதைப் பின்பற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டமியற்றி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்பனைக்கு வரும் புதிய செல்பேசிகளுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 2023இல், ஐபோனும் டைப்-சிக்கு மாறிவிட்டது.

குப்பை குறையவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மேசை இழுப்பறையில் நான்கு சார்ஜர் வைத்திருப்பவருக்கு ஐந்தாவது எதற்கு? ஆனால் இருந்த ஒரே சார்ஜர் பழுதாகிப் போன என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்த வாதம் பொருந்தாது. அவர்கள் கடைக்குத்தான் போகவேண்டும். அங்கே ஒரு புதிய சிக்கல் காத்திருக்கிறது. போலிகள் அன்றும் உண்டு. எனினும் வேறு செல்பேசியின் சார்ஜரை அன்று செருகவே முடியாது. இன்று எல்லாம் எல்லாவற்றிலும் நுழைகிறது. பொருத்தமானது எது என்பதைப் பின்னின் வடிவம் சொன்ன காலம் போய், எழுத்து மட்டுமே சொல்லும் காலம் வந்திருக்கிறது.

அந்த எழுத்து எப்படி இருக்கிறது? வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெளிர்சாம்பல் நிறத்தில், எறும்பின் கால் அளவில், ஆங்கிலத்தில். படிக்க முடிந்தவர்கள் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குறி, அதனுடன் ஐ.எஸ். எண்ணும், ஆர் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கும். அந்த எண் உண்மையா என்று 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். மற்றொன்று, வெளியீட்டு வரி. அதிலுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். வாட் மிகுந்த நல்ல சார்ஜர் பேட்டரியைக் கெடுத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். செல்பேசி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அஞ்சவேண்டியது வாட்டுக்கு அல்ல, பதிவெண் இல்லாத சார்ஜருக்கு.

ஆயினும் இதையெல்லாம் வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது நேர்மையாகாது. ஐரோப்பியச் சட்டம், பெட்டிக்குள் சார்ஜர் உண்டா இல்லையா என்பதைப் படமாகவும், தேவையான வாட் அளவை எண்ணாகவும் பெட்டியின்மேல் அச்சிடச் சொல்கிறது. இங்கும் அதைக் கேட்போம். கூடவே அது தமிழிலும், கண்ணாடி போடாதவர் படிக்கும் அளவிலும் இருக்கட்டும். தமிழை அறிவியல் மொழியாக்க மாநாடு கூட்டுகிறோம். ஒரு சார்ஜர் அட்டையில் மூன்று வரி தமிழ் கேட்பது அதற்குக் குறைந்த பணியன்று.

மறுநாள் நகரத்துக்குப் போய், பழைய பதிப்புகளைப் படிக்க வைத்திருக்கும் உருப்பெருக்கியால் எண்களைச் சரிபார்த்துப் புதிய சார்ஜர் ஒன்று வாங்கி வந்தேன். விலை 700 ரூபாயை நெருங்கியது. பழையது எங்கே என்று கேட்டேன்.

"எதிர்வீட்டுப் புள்ளகிட்ட குடுத்துட்டேன். நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்றார் அம்மா.

எதிர்வீட்டுக்குப் போய் அதைத் திரும்ப வாங்கினேன். மாலையில் மீண்டும் நகரத்துக்குப் பேருந்து ஏறினேன், இன்னொரு சார்ஜர் வாங்க.