அவங்களுக்கு புல்லட் ரயில், நமக்கு மொரப்பூர் ரயில் எப்போ?



2026 பிப்ரவரி 1-ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் ஏழு அதிவேக ரயில் பாதைகளை அறிவித்தார்கள். அதில் ஒன்று சென்னை - பெங்களூர். ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னையிலிருந்து பெங்களூர் போய்விடலாமாம். டி.வி.யில் பார்த்த நம் பிள்ளைகள் கூட, "நம்ம நாடும் ஜப்பான் ஆகப் போவுது" என்று சந்தோஷப்படுகிறார்கள். சந்தோஷப்படட்டும். ஆனால் கணக்கு கேட்க வேண்டியது நம் கடமை. பணம் நம்முடையது. நிலம் நம்மைப் போன்ற விவசாயியுடையது.

நம் மாவட்டத்துக்கும் ரயிலுக்கும் உள்ள உறவை முதலில் நினைத்துப் பார்ப்போம். 1906-லேயே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ரயில் ஓடியது. இரண்டரை அடி அகலமுள்ள சின்னத் தண்டவாளம். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர வேண்டும் என்பதற்காக வெள்ளைக்காரன் போட்ட பாதை. 1913-இல் அதை ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அதை மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நம் பாட்டன் காலத்தில் இருந்த ரயில் நம் பேரன் காலத்திலாவது வருமா என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மனு மேல் மனு, மறியல் மேல் மறியல் என்று கட்சி பேதமில்லாமல் இந்த மாவட்டமே கேட்டது. கடைசியில் 2019 மார்ச்சில் மொரப்பூர் - தருமபுரி புதிய பாதைக்கு அடிக்கல் நட்டார்கள். தூரம் 36 கிலோமீட்டர். அன்றைய மதிப்பீடு சுமார் 359 கோடி ரூபாய். அடிக்கல் நட்டதோடு சரி, இன்றுவரை அதில் ரயில் ஓடவில்லை. தருமபுரிக்காரன் ரயிலில் சென்னை போகணும் என்றால், பஸ் பிடித்து மொரப்பூர் போகணும், இல்லாவிட்டால் சேலம் போய் மாறணும்.

இப்போது அந்தப் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். மும்பை - அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நட்டார்கள். 508 கிலோமீட்டர். அப்போது சொன்ன செலவு 1 லட்சத்து 8 ஆயிரம் கோடி. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 212 கோடி. நம் மொரப்பூர் பாதைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 10 கோடி. அதாவது புல்லட் ரயிலில் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குக் கூட எட்டாத பணத்தில் நம் 36 கிலோமீட்டர் முழுவதும் முடிந்துவிடும். அந்தப் பணம் ஏழு வருஷமாக வரவில்லை. இதற்கு என்ன பதில்?

"ஜப்பான்காரன் 0.1 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்கிறான், 50 வருஷத்தில் கட்டினால் போதும், இனாம் மாதிரிதானே" என்று சிலர் சொல்கிறார்கள். கூட்டுறவு சங்கத்தில் நமக்குக் கூட வட்டியில்லாப் பயிர்க்கடன் உண்டு. அதனால் அசலைக் கட்டாமல் விட்டுவிடுகிறார்களா? தவணை தப்பினால் நோட்டீஸ் வருகிறதா இல்லையா? மும்பை திட்டச் செலவில் 81 சதவீதம் கடன். அதுவும் யென் கணக்கில் வாங்கிய கடன். ரூபாய் மதிப்பு சரியச் சரிய அசலே ஏறும். அந்த அசலை சோப்புக்குக் கூட வரி கட்டுகிற நம் பிள்ளைகள் தலையில்தான் வைப்பார்கள்.

சொன்ன காலத்தில் முடித்தார்களா? 2022 ஆகஸ்ட் 15-இல் ஓட்டுவோம் என்றார்கள். ஓடவில்லை. சூரத் பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் 2027-இல் ஓடும் என்று பிறகு சொன்னார்கள். பால்கர் ஆதிவாசி மக்களும் தெற்கு குஜராத் விவசாயிகளும் நிலம் தரமாட்டோம் என்று போராடினார்கள். குஜராத் விவசாயிகளின் வழக்கை 2019-இல் அங்கத்திய உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தைவான் நாட்டில் 2007-இல் தலைநகரிலிருந்து தெற்கு வரைக்கும் அதிவேக ரயில் விட்டார்கள். ரயில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதை நடத்திய தனியார் கம்பெனி கடனில் மூழ்கி, 2015-இல் அரசாங்கம் கைகொடுத்துத்தான் தூக்கி நிறுத்தியது. லாபம் வந்தால் கம்பெனிக்கு, நட்டம் வந்தால் ஜனங்களுக்கு!

"சங்கத்துக்காரர்கள் எதற்கெடுத்தாலும் எதிர்ப்பு. ரயிலே வேண்டாம் என்கிறார்கள்" என்று பேசுவார்கள். இல்லவே இல்லை. ஜப்பானில் 1964-இல் டோக்கியோ - ஒசாகா புல்லட் ரயில் விட்டபோது, அந்த நாட்டில் பட்டிதொட்டியெல்லாம் சாதாரண ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இருந்த பாதையில் இடமில்லாமல் நெரிந்ததால் புதுப்பாதை போட்டார்கள். நம் நிலைமை என்ன? ஓமலூர் - தருமபுரி - ஓசூர் இன்னும் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால் இது நிற்கணும். 2021 நவம்பர் 12 விடியற்காலையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் பாறை உருண்டு விழுந்து, கண்ணூர் - யஸ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. இருக்கிற பாதையைப் பத்திரமாக வைப்பது முதல் வேலையா, புதுப்பாதைக்கு லட்சம் கோடி கொட்டுவது முதல் வேலையா?

நம் ஜனங்கள் ரயிலில் எப்படிப் போகிறார்கள்? மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டிட வேலை, திருப்பூருக்குப் பனியன் வேலை, கேரளாவுக்குக் கூலி வேலை. போகிறவர்கள் முன்பதிவில்லாப் பெட்டியில் கக்கூஸ் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து போகிறார்கள். கோவை - பெங்களூர் வந்தே பாரத் தருமபுரியில் நிற்கிறது. ஏறுகிறவர் ஏறட்டும், நல்லதுதான். ஆனால் அதில் ஏறக் காசில்லாதவனுக்கு ஒரு பொதுப்பெட்டி கூடுதலாகச் சேர்க்கச் சொன்னால் மட்டும் "பரிசீலனையில் உள்ளது" என்கிறார்கள்.

விளைச்சல் சங்கதியும் அப்படித்தான். பாலக்கோடு தக்காளி விலை இறங்கும்போது பறிக்கிற கூலிக்குக் கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறோம். மாங்காய், புளி, மஞ்சள், பூ எல்லாம் லாரி வாடகைக்கே பாதி போகிறது. 2020-இல் கிசான் ரயில் என்று ஆரம்பித்து, காய்கறி பழத்துக்குப் பாதி வாடகை என்றார்கள். நம் தக்காளிக்காரருக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் உண்டா? புல்லட் ரயிலில் தக்காளிப் பெட்டி ஏற்ற முடியாது. சாதாரணப் பாதையும், ஒரு சரக்குப் பெட்டியும், ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கும் இருந்தால் நமக்குப் போதும்.

"சென்னை - பெங்களூர் புல்லட் ரயில் தருமபுரி வழியாக வரவில்லையே, நமக்கு என்ன?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். முன்பு போட்ட திட்டப்படி அது அரக்கோணம், சித்தூர், பங்காருப்பேட்டை வழியாகப் போகிறது. அந்தப் பக்கத்து விவசாயிகள் விரைவுச்சாலைக்கு ஏற்கெனவே நிலம் கொடுத்தவர்கள். இன்னொரு தடவை கேட்கப் போகிறார்கள். அவர்கள் வலி நமக்குத் தெரியாதா?

2018-ஐ மறந்துவிட்டோமா? சென்னை - சேலம் எட்டுவழிச்சாலை. 277 கிலோமீட்டர், 10 ஆயிரம் கோடி. "சீக்கிரம் போகலாம்" என்ற அதே பேச்சு. நம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் கிணற்று மேட்டிலும் தென்னந்தோப்பிலும் போலீசை வைத்துக்கொண்டு கல் நட்டார்கள். பெண்கள் நிலத்தில் விழுந்து அழுததை நாமே பார்த்தோம். விடாமல் போராடினோம், வழக்கும் போட்டோம். 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர்நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசாங்கத்துக்கு மறுபடி வழி விட்டது. ஆனாலும் இன்றுவரை அந்த ரோடு வரவில்லை என்றால், அது ஜனங்கள் ஒன்றாக நின்றதால்தான். கேரளாவிலும் 530 கிலோமீட்டர் கே-ரயிலுக்கு 2022-இல் நட்ட மஞ்சள் கல்லை ஊர் ஜனங்களே பிடுங்கிப் போட்டார்கள். கல் நடும் வேலையை அரசாங்கம் நிறுத்த வேண்டியதாயிற்று.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2013 நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு என்று ஒன்று உண்டு. ஆனால் ரயில்வே தன் சொந்தச் சட்டத்தில் நிலம் எடுத்தால் அந்த ஆய்வு கட்டாயமில்லை. நஷ்டஈடு மட்டும் 2013 சட்டப்படி கொடுக்கணும். ரயில்வே அறிவிப்பு வந்தால் ஆட்சேபணைக்கு 30 நாள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 21 நாள்தான். வாய்ச்சொல் செல்லாது. எழுத்தில் கொடுத்து, சீல் போட்ட ரசீது வாங்கி வையுங்கள். பேப்பரில் வந்த அறிவிப்பை நாம் பார்க்காமல் விட்டால் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் மனசாட்சியோடு சொல்லியாக வேண்டும். மொரப்பூர் பாதைக்கும் நிலம் போகும். போவது நம் ஆட்கள் நிலம்தான். ஊருக்கெல்லாம் ரயில் கேட்டுவிட்டு, நிலம் இழக்கிற பத்துக் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டால் நாமும் அதிகாரிகளும் ஒன்றே. அதனால் சொல்கிறோம். நம் ஜனங்கள் ஏறி இறங்குகிற ரயிலுக்கு நிலம் தரத் தயார். ஆனால் கிணறு, மரம், போர், வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து மார்க்கெட் விலையில் பணம் கைக்கு வந்த பிறகுதான் கல் நட வேண்டும். மீதி நிலத்துக்கு வழியும் தண்ணீரும் தடைபடக் கூடாது. இதில் சங்கம் நிலம் இழக்கிறவர் பக்கம்தான் நிற்கும்.

நம் கோரிக்கைகள்:

1. மொரப்பூர் - தருமபுரி பாதைக்கு முழு நிதியும் ஒதுக்கி, முடிக்கிற தேதியை அறிவி!

2. ஓமலூர் - ஓசூர் இரட்டைப் பாதையை உடனே போடு! எல்லா வண்டியிலும் பொதுப்பெட்டிகளைக் கூட்டு!

3. தருமபுரியில் விளைபொருள் ஏற்றச் சரக்குப் பெட்டியும் குளிர்பதனக் கிடங்கும் அமை!

4. அதிவேக ரயில் திட்டங்களின் செலவு, கடன், பாதை வரைபடத்தைத் தமிழில் வெளியிடு! கிராமசபை ஒப்புதல் இல்லாமல் ஒரு சென்ட் நிலம் எடுக்காதே!

5. லட்சம் கோடி இருக்கிறதென்றால் முதலில் காவிரி உபரி நீரைத் தருமபுரி ஏரிகளுக்குக் கொண்டு வா!

தோழர்களே, வருகிற கிராமசபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகப் போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராமசபை கூடும் நாளில் நூறு நாள் வேலை அட்டைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்து நகல் வாங்குங்கள். நகலைச் சங்க அலுவலகத்தில் சேருங்கள். எல்லா ஊர்த் தீர்மானங்களையும் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகப் போவோம். ஒரு ஊர் மனுவைக் குப்பையில் போடலாம். எல்லா ஊரும் சேர்ந்து வந்தால் போட முடியாது.

ஏர் பிடிக்கும் கைகளே, ஒன்று சேருங்கள்! குடும்பத்தோடு திரண்டு வாரீர்!