அந்த 11 நாட்களுக்கு யார் பொறுப்பு?

டிஎன்ஏ பொருந்திய பிறகும் உச்ச நீதிமன்றம் சட்ட நுணுக்கம் பேசிக் குற்றவாளிகளை அவிழ்த்துவிடுகிறது என்று கொதித்திருக்கிறார் ஒரு கட்டுரையாளர். டெல்லி சாவ்லா வழக்கை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். தீர்ப்பைப் படித்திருந்தால் அவர் கோபம் நீதிபதிகள் மேல் பாய்ந்திருக்காது.

2012 பிப்ரவரியில் 19 வயதுப் பெண்ணைக் கடத்திக் கொன்ற வழக்கு அது. மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. காரணங்களில் ஒன்று இது: பிப்ரவரி 14, 16 தேதிகளில் டிஎன்ஏ ஆய்வுக்காக எடுத்த மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போனது 27-ஆம் தேதி. கடைசியாக எடுத்தவைகூட 11 நாள் போலீசின் பொருள் காப்பறையில் கிடந்தன. அந்த நாட்களில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? மூன்று உயிர்களைத் தூக்கில் போடும் முன் இதைக் கேட்பது நுணுக்கமா?

இயந்திரம் பொய் சொல்லாது என்கிறார் கட்டுரையாளர். சரி, கலிபோர்னியாவுக்கு வரட்டும். 2012-இல் அங்கே ஒரு பணக்காரர் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவர் நகக்கண்ணில் கிடைத்த டிஎன்ஏ, வீடற்ற ஒருவருடையதோடு அப்படியே பொருந்தியது. அந்த ஏழை ஐந்து மாதத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். கொலை நடந்த இரவிலோ, அவர் குடிபோதையில் நினைவின்றி ஆஸ்பத்திரியில் இருந்தார். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அதே பணியாளர்கள்தான் சில மணி நேரத்தில் கொலை நடந்த வீட்டுக்கும் ஓடியிருக்கிறார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வழியாக அவர் டிஎன்ஏ இறந்தவர் கைக்குப் போயிருக்க வேண்டும். ஆய்வக அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவேடு மட்டும் இல்லாதிருந்தால் அவர் கதி என்ன? அந்த டிஎன்ஏ யாருடையது என்பதைத்தான் அறிக்கை சொன்னது. அது அங்கே எப்படி வந்தது என்று அறிக்கைக்குத் தெரியாது. அதைத் துருவித் துருவிக் கேட்கத்தான் குறுக்கு விசாரணை. அதைக் குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று எழுத எப்படி மனம் வந்தது?

சாவ்லா வழக்கில் விடுதலையானவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், மாதிரியைத் தாமதித்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மகளை இழந்த பெற்றோருக்குப் பத்தாண்டு கழித்தும் பதில் கிடைக்காமல் போனதற்கு முதலில் பொறுப்பேற்க வேண்டியவர்கள், வழக்கை ஓட்டை உடைசலாகக் கொண்டுவந்து நிறுத்தியவர்களே.

நம் ஊரிலும் இதே கதைதான். தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலையிலும் தூக்கு விதிக்கப்பட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தண்டிக்கப்பட்டவரை விடுவித்தது. மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குறைகளைச் சுட்டியதோடு, நாடு முழுமைக்கும் நெறிமுறைகளையும் வகுத்தது: டிஎன்ஏ மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தைச் சேர வேண்டும், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதற்குப் பதிவேடு வேண்டும். நீதிபதிகளைத் திட்டி முடித்த கையோடு, நம் காவல் நிலையங்களில் எத்தனையில் அந்தப் பதிவேடு இருக்கிறது என்று கட்டுரையாளர் நேரில் போய்ப் பார்த்து எழுதட்டும்.